ரோவில் ஆனந்தராஜா விவாகரத்து வாங்கிய விதம்

ஆனந்தராஜாவுக்கு நான் மூன்று சாதகங்கள் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். முதலாவது நல்லூர்ப் பெண், ஆசிரியை. இரண்டாவது சிட்னியில் கணக்காளர். மூன்றாவது என் சொந்த மச்சாளின் மகள். மூன்றையும் மரியாதையாக வாங்கி, ஒரு கிழமை வைத்திருந்து, உறைகூடக் கசங்காமல் திருப்பித் தந்தார். மூன்றாவதைத் தந்தபோது கூடவே ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாயும் தந்தார். மனிதருக்குத் தலைக்கனம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவர் கலியாணம் கட்டி ஒரு வருடமாகியிருந்தது. அது எனக்கு எப்படித் தெரியும்?

என் பெயர் விமலா. மெல்பேணில் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நானும் ஆனந்தராஜாவும் பதினாலு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் மானிப்பாய்க்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பார். குழாயில் ஒட்டிய பெயர் கொஞ்சம் அழிந்திருந்தாலும் அந்த இரத்தத்தைத் தொடமாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். வார்டிலிருந்து டாக்குத்தர் போனில் கத்தினாலும் அதே பதில்தான். "ஆரின்ர இரத்தம் எண்டு தெரியாமல் நான் என்னத்தைச் சொல்லுறது?" என்பார். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததெல்லாம் இதனால்தான்.

மெல்பேணின் புறநகரான ரோவிலில் அவருக்குச் சொந்த வீடு. ரோவிலுக்கு ரயில் வரப்போகிறது என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்வார்கள். அதை நம்பி வாங்கியதாகச் சொல்லிச் சிரிப்பார். 2005இல் கடனுக்கு உதவியாக ஓர் அறையை வாடகைக்கு விட்டார். வந்தவன் விவேக், ஈரோட்டுப் பையன், அவரைவிட ஒன்பது வயது சின்னவன். படிக்க வந்து, பிறகு கணினிக் கம்பனியில் வேலை எடுத்தவன். நாங்கள் சாப்பாட்டுக்குப் போனால் குசினிக்கும் மேசைக்குமாக ஓடி ஓடிப் பரிமாறுவான். "அண்ணா, ரசம் ஊத்தட்டுமா?" என்று ஆனந்தராஜாவைக் கேட்பான். எவ்வளவு அடக்கமான வாடகைக்காரன் என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் என் காதில் பட்டது. ஆனந்தராஜா அவனை 'நீர்' என்று கூப்பிடுவார். "நீர் இரும், நான் எடுக்கிறன்." எங்கள் ஊரில் கூட வேலை செய்கிறவரையும் அப்படிச் சொல்வோம், ஆனால் வீட்டுக்குள் கணவனும் மனைவியும்தான் அப்படிக் கூப்பிடுவது. நானும் என் மனிசனை அப்படித்தான் கூப்பிடுகிறேன். காதில் பட்டது, ஆனால் மண்டையில் ஏறவில்லை. சாதகத்தோடு அலைந்துகொண்டிருந்தவளுக்கு எப்படி ஏறும்?

2012 ஓகஸ்டில் ஒரு மதிய இடைவேளை. ரொறன்ரோவில் இருந்த அவருடைய அத்தான் அந்த வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அக்கா சிவனேஸ்வரி தனித்துப்போனா. மகளும் கட்டிக்கொண்டு வேறு மாகாணத்துக்குப் போய்விட்டாள். இவர் அங்கேயே போய்விடலாம் என்று குடிவரவுப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். அக்காவின் வீட்டுக்குக் கிட்ட ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்கும் ஆயத்தம் செய்திருந்தார். மூன்று நாளாக அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"என்ன தம்பி, அதிலேயே நிக்கிறீர்?"

"மணமானவரோ எண்டு கேட்டிருக்கு அக்கா."

"இல்லை எண்டு போட்டிட்டு மற்றப் பக்கத்துக்குப் போமன்."

"பொய் எழுத ஏலாது. நான் கலியாணம் கட்டினனான். விவேக்கை."

என் கையில் இடியப்பம் இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

நான் பெரிய முற்போக்குக்காரி ஒன்றும் இல்லை. நாலு நாள் அவரோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் கோபம் வந்தது அந்தக் கலியாணத்தில் அல்ல, அந்த மூன்று சாதகங்களில்தான். மச்சாளிடம் எவ்வளவு பேச்சு வாங்கினேன்! ஐந்தாம் நாள் தேநீர் ஊற்றிக்கொண்டு போய் எதிர்க் கதிரையில் இருந்தேன். "முழுக்கச் சொல்லும்" என்றேன். சொன்னார்.

2009 ஓகஸ்டில் சிவனேஸ்வரியின் மகளுக்கு ஸ்காபரோவில் கலியாணம். மாமன்காரன் போகாமல் முடியுமா? விவேக்கையும் கூட்டிக்கொண்டு போனார். "ஆனந்தத்தின்ர சிநேகிதப் பெடியன்" என்று அங்கே எல்லாருக்கும் அறிமுகம். கலியாணத்துக்கும் நாலாம் நாள் சடங்குக்கும் இடையில் ஒரு செவ்வாய்க்கிழமை. இருவரும் கலியாணத்துக்குத் தைத்த அதே கோட்டைப் போட்டுக்கொண்டு நகர மண்டபத்துக்குப் போனார்கள். சிவனேஸ்வரிக்கும் அத்தானுக்கும் மட்டும் விஷயம் தெரியும். அவர்கள்தான் சாட்சி. சிவனேஸ்வரி சடங்குக்கு ஊறப்போட்ட உழுந்தை விட்டுவிட்டு வந்தவ, பதிவாளர் பேசி முடிக்கும் வரைக்கும் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாவாம். கடவுச்சீட்டைக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், கலியாணம் முடிந்தது. எந்த ஊர், திரும்பி எங்கே போகப்போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் கால் வைத்ததும் அந்தக் கலியாணம் இல்லாமல் போனது. வெளிநாட்டில் ஆணும் ஆணும் கட்டினாலும் இங்கே அது கலியாணம் இல்லை என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். இவர்களும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வெளியில் 'அண்ணா', உள்ளே 'நீர்' என்று காலம் போனது. விவேக்கின் தாய் விஜயா கிழமைக்கு இரண்டு தரம் ஸ்கைப்பில் வருவா. அந்த நேரம் ஆனந்தராஜா தோட்டத்துக்குப் போய்த் தக்காளிக்குத் தண்ணீர் விடுவார். "மழை பெய்யேக்கையும் விட்டனான் அக்கா" என்றார். 2011 ஏப்ரலில் விவேக் சிட்னிக்கு வேலை மாற்றிக்கொண்டு ஹோம்புஷில் ஒரு பிளாட்டுக்குப் போனான். சண்டை என்று பெரிதாக இல்லையாம். மழையில் தக்காளிக்குத் தண்ணீர் விட்டு ஆனந்தராஜா களைத்துப்போனார் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

வீடு, கார் என்று பங்கு பிரிக்க ஏதாவது இருந்தால் அதற்கு இந்த நாட்டில் வழி இருந்தது. சேர்ந்து வாழ்ந்த சோடி என்ற அளவில் சட்டம் அவர்களை ஏற்றுக்கொள்ளும். ஆனால் பிரிக்க ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு இட்லிச் சட்டி இருந்தது, அதை விவேக் கொண்டுபோய்விட்டான். இவருக்கு வேண்டியது விவாகரத்து. அதற்காக நகரத்தில் ஒரு சட்டத்தரணியிடம் போனார். அந்தப் பெண் நல்லவ, பொறுமையாக விளக்கினாவாம். "இங்கே நீங்கள் கலியாணமே கட்டவில்லை. கட்டாததை எப்படி வெட்டுவது?" சரி, கட்டிய இடத்திலேயே வெட்டலாமா என்றால், கனடாவில் ஒருவராவது ஒரு வருடம் குடியிருக்க வேண்டும். குடியிருக்கப் போவதற்குப் படிவம் நிரப்ப வேண்டும். நிரப்பினால் கனடாவின் கண்ணில் இவர் மணமானவர். கணவன் கூட வராவிட்டாலும் அவனுடைய விபரமும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். விவேக் அதற்கு வரவே மாட்டான். படிவத்தில் மணமாகாதவர் என்று எழுதினால் பொய் சொன்ன குற்றம். கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றியது. மாமியார் வீட்டு வழக்குக்கூட இதைவிடத் தெளிவாக இருக்கும்.

ஒரு வருடம் அந்தப் படிவம் அவருடைய மேசை லாச்சியில் கிடந்தது. சிவனேஸ்வரி ஒவ்வொரு ஞாயிறும் எடுத்து, "எப்ப வாறாய்?" என்று கேட்பா. 2013 ஓகஸ்டில் கனடாவில் ஒரு புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து கட்டியவர்கள், தங்கள் நாடு அந்தக் கலியாணத்தை ஏற்காவிட்டால், கட்டிய மாகாணத்து நீதிமன்றத்திலேயே விவாகரத்துக் கேட்கலாம். அங்கே குடியிருக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தால், அவர் நியாயமில்லாமல் மறுக்கிறார் என்று இந்த நாட்டு நீதிமன்றம் ஒன்று எழுதித் தர வேண்டும். கலியாணமே இல்லை என்று சொல்லும் நாட்டில் எந்த நீதிமன்றக் கதவைத் தட்டுவது என்று தனக்குத் தெரியவில்லை என்றா அந்தச் சட்டத்தரணி. ஆக, எல்லாம் விவேக்கின் கையெழுத்தில் வந்து நின்றது.

ஆனந்தராஜா போன் எடுத்தார். விவேக் சொன்ன பதிலை அடுத்த நாள் எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னார். "நமக்குக் கல்யாணமே ஆகல ஆனந்த். எந்த வக்கீல வேணாலும் கேளுங்க. இல்லாததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

அவன் சொன்னதில் சட்டப் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அக்டோபரில் விவேக் தானாகவே போன் எடுத்தான். கோயம்புத்தூரில் பெண் பார்த்திருக்கிறார்கள். ஹரிப்பிரியா, பல் டாக்குத்தர். தகப்பன் ஈஸ்வரமூர்த்தி கவனமான மனிதர். வெளிநாட்டு மாப்பிள்ளைகள் இரண்டு குடும்பம் வைத்திருந்த கதைகளைக் கேட்டுப் பயந்தவர். விவேக் மணமாகாதவன் என்று அரசாங்கத்திடமிருந்து தாள் கேட்டார். அது சுலபமாகக் கிடைத்தது. இங்குள்ள திருமணப் பதிவகம் தேடிப் பார்த்து, இந்தப் பெயரில் ஒரு திருமணமும் இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது. ஆனால் அந்த மனிதருக்குத் தாள் போதவில்லை. எங்கள் ஆட்களுக்கு எப்போது தாள் போதியிருக்கிறது? பழகிய ஆள் ஒருவர் வாயால் சொல்ல வேண்டும். ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்த அந்த இலங்கை அண்ணா ஒரு கடிதம் எழுதி, நோட்டரி என்கிற நொத்தாரிசு முன்னால் கையெழுத்துப் போட்டுத் தந்தால் தனக்குத் திருப்தி என்றுவிட்டார்.

அந்த உதவியைக் கேட்கத்தான் விவேக் போன் எடுத்திருந்தான். 'விவேக் என் வீட்டில் ஆறு வருடம் இருந்தார், நல்ல பழக்கவழக்கம் உள்ளவர், இதுவரை திருமணம் ஆகாதவர்.' மூன்று வரி.

இதைச் சொல்லிவிட்டு ஆனந்தராஜா சிரித்தார். சாப்பாட்டு அறையில் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். நானாக இருந்தால் போனைச் சுவரில் அடித்திருப்பேன்.

"எழுதிக் குடும்" என்றேன் ஒரு யோசனையில். "அவன் விவாகரத்தில போடட்டும், நீர் இதில போடும். ஆளுக்கு ஒண்டு."

"அதைத்தான் அவனும் சொல்லுறான் அக்கா. நான் கடிதம் தந்தால் தானும் போடுறானாம்."

"பிறகென்ன?"

"ஆகாதவர் எண்டு ஒரு தாளில நான் சத்தியம் பண்ணி, ஆனவன் எண்டு மற்றத் தாளிலையும் சத்தியம் பண்ணுறதோ? ஒரு குழாயில ரெண்டு பேரின்ர இரத்தம். எனக்கு அது ஏலாது."

"அப்ப கனடா?"

அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழும்பிப் போனார். சிவனேஸ்வரி இன்னும் எத்தனை ஞாயிறு எடுத்துக் கேட்பாவோ என்று நினைத்தேன்.

ஈஸ்வரமூர்த்தி காத்திருக்கவில்லை. நம்பர் எடுத்து நேரே ரோவிலுக்கு அடித்துவிட்டார். அது ஞாயிறு மத்தியானம், நானும் என் கணவரும் அங்கே சாப்பிடப் போயிருந்தோம். ஆனந்தராஜா புட்டுக் குழல் பிடித்திருந்த கையைத் துடைத்துக்கொண்டு போனைச் சத்தமாக்கி மேசையில் வைத்தார்.

"தம்பி, நல்லா இருக்கீங்களா? உங்களப் பத்தி மாப்பிள்ளை நெறையச் சொல்லியிருக்காருங்க. சொந்த அண்ணன் மாதிரின்னு."

"ஓம் ஐயா. சொல்லுங்கோ."

"பேப்பரு எல்லாம் வந்துருச்சுங்க. ஆனாப் பேப்பர நம்பிப் பொண்ணக் குடுக்க முடியுங்களா? ஆறு வருசம் ஒண்ணா இருந்தவரு நீங்க. உங்களவிட யாருக்குத் தெரியப்போவுது? ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னாப் போதும், நான் மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துருவேன்."

குசினியில் புட்டு அவியும் மணம் வந்தது. ஆனந்தராஜா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, மன்னிக்கவேணும். அந்த வரியை நான் எழுத ஏலாது."

"ஏனுங்க தம்பி?"

"அதை விவேக்கிட்டத்தான் கேக்கவேணும். நான் சொல்லுறது முறையில்லை."

ஈஸ்வரமூர்த்தி "சரிங்க" என்று போனை வைத்துவிட்டார்.

எனக்கும் ஆனந்தராஜாவுக்கும் அன்றைக்குத்தான் உண்மையான சண்டை. "முழுக்கச் சொல்லியிருக்கவேணும்" என்றேன். "அது ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர வாழ்க்கை. நீர் பாதி சொல்லிப்போட்டு நல்லவராகப் பாக்கிறீர்." அவர் சொன்னார், "நான் பொய் சொல்லமாட்டன். ஆனா அவனைக் காட்டிக்குடுக்கவும் மாட்டன். ஆறு வருசம் அவனுக்காக வாயைப் பொத்தினனான் அக்கா, ஒரு போனில திறக்க வரேல்லை." என் கணவர் புட்டு ஆறுகிறது என்றார். ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. இன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தோன்றும். ஆனால் அவருடைய இடத்தில் நான் இருந்ததில்லை.

இரண்டு கிழமை கழித்து, நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை, விவேக் சொல்லாமல் கொள்ளாமல் ரோவிலுக்கு வந்து கதவைத் தட்டினான். அன்றைக்குக் காலையிலேயே ஆனந்தராஜா எனக்குப் போன் எடுத்தார். "அக்கா, நாளைக்கு எங்களைக் கொஞ்சம் நொத்தாரிசிட்டக் கூட்டிக்கொண்டு போவீங்களோ? நான் கார் ஓடினால் எங்கையேன் கொண்டுபோய் இடிச்சுப்போடுவன்."

சனிக்கிழமை நான் போனபோது விவேக் சவரம் செய்யாத முகத்தோடு குசினியில் நின்றான். மெலிந்துபோயிருந்தான். என்னைக் கண்டதும் பழைய பழக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

"கல்யாணம் நின்னுபோச்சு அக்கா" என்றான்.

"அவையள் நிப்பாட்டினதோ?"

"அந்தப் பொண்ணே போன் பண்ணாங்க. அப்பா தூங்காம இருக்காரு, உண்மைய மட்டும் சொல்லுங்கன்னு கேட்டாங்க. அம்மாகிட்ட எட்டு வருஷமாப் பொய் சொல்றேன், நாக்கு கூசினதில்ல. அவங்ககிட்டச் சொல்ல வரல. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னவ?"

"அங்க ஒருத்தரைக் கட்டிப்போட்டுட்டு இங்க வந்து நிக்கிறீங்களே, மொதல்ல அவர அவுத்து விடுங்கன்னாங்க. வெச்சிட்டாங்க."

நான் அந்தப் பிள்ளையை ஒருநாளும் கண்டதில்லை. கண்டால் கையைப் பிடித்து நன்றி சொல்வேன்.

நொத்தாரிசின் கந்தோர் டான்டெனோங்கில் ஒரு வெதுப்பகத்துக்கு மேலே இருந்தது. கிரேக்கக் கிழவர், தடித்த கண்ணாடி, மேசையில் முத்திரை அழுத்தும் இரும்பு இயந்திரம். சட்டத்தரணி முன்னமே தயாரித்து வைத்திருந்த விண்ணப்பம் தடிப்பான உறையில் ஆனந்தராஜாவின் மடியில் இருந்தது. அதிலே ஒவ்வொரு பக்கத்தையும் அவர் எத்தனை தரம் சரிபார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாள்கள் பிறகு ஒன்ராறியோவுக்குப் போய், டிசம்பர் நடுவில் தீர்ப்பாகத் திரும்பி வந்தன. கனடாப் படிவத்தில் அந்தக் கேள்விக்கு ஆனந்தராஜா உண்மையான விடையை எழுதினார். அதெல்லாம் நடந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கந்தோரில் நடந்ததை.

கிழவர் இன்னும் உறையைத் திறக்கவில்லை. முதலில் இருவருடைய கடவுச்சீட்டுகளையும் வாங்கிப் புரட்டினார். நீளமான பெயர்கள் என்று முணுமுணுத்தார். ஆனந்தராஜா சுவரோரக் கதிரையில் என் பக்கத்தில் இருந்தார். விவேக் மேசைக்கு முன்னால் நின்றான். கிழவர் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சும்மா பேச்சுக்கு, ஆங்கிலத்தில் விவேக்கிடம் கேட்டார்:

"அவர் யார், உங்கள் அண்ணனா?"

விடை அங்கே தயாராகக் கிடந்தது. எட்டு வருடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல். தலையை ஆட்டினாலே போதும். ஆனந்தராஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றான் விவேக். "அவர் என் ஹஸ்பண்ட்."

கிழவருக்கு அது ஒன்றும் பெரிய விஷயமாகப் படவில்லை. "அப்படியா" என்றுவிட்டு ஆனந்தராஜாவிடமிருந்து உறையை வாங்கித் திறந்தார். ஒவ்வொரு பக்கமாகக் காட்டி, இது உண்மையா, இது உண்மையா என்று கேட்டார். விவேக் ஆமாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். பிறகு ஆனந்தராஜாவும் போட்டார். இரும்பு இயந்திரம் இரண்டு தரம் கீழே இறங்கி ஏறியது.

கீழே வந்ததும் விவேக் விமான நிலையத்துக்கு டாக்சி பிடித்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான். ஆனந்தராஜாவிடம், "வர்றேன் ஆனந்த்" என்றான். 'அண்ணா' போடவில்லை. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தும் போடவில்லை. டாக்சி திரும்பும் வரைக்கும் ஆனந்தராஜா வெதுப்பக வாசலிலேயே நின்றார்.

காரில் ஏறிப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். நான் சாவியைத் திருப்பினேன். அவர் என் கையில் தன் கையை வைத்து நிறுத்தினார். முகம் முழுக்க நனைந்திருந்தது. கலியாணத்துக்கு இருந்த இரண்டு சாட்சிகளில் ஒருவர் போய்விட்டார், மற்றவ உலகத்தின் அந்தக் கரையில் இருந்தா.

"அக்கா, கிழவரிட்ட அவன் சொன்னதைக் கேட்டனீங்கள்தானே?" என்றார்.

"ஓம் தம்பி" என்றேன். "நான் கேட்டனான்."